எஸ்பிஎஸ்ஏ: நீண்ட நாள் பயன்பாட்டுக்குப் பின்

சிமுலேஷன் ஓட்டி விடை வாங்கும் வேலைகளில் கிரேடியன்டை, அதாவது அளவுருக்களை அசைத்தால் விடை எவ்வளவு மாறும் என்பதை, சூத்திரமாக எழுத வழி கிடைப்பது அரிது. வரும் விடையிலும் ஒவ்வொரு முறையும் இரைச்சல் (தற்செயலான ஏற்ற இறக்கம்). ஜேம்ஸ் ஸ்பாலின் 1992 கட்டுரையால் பரவலான எஸ்பிஎஸ்ஏ (SPSA, simultaneous perturbation stochastic approximation), சிறந்த விடை தரும் அளவுருக்களைப் படிப்படியாகத் தேட, இந்த நிலைமைக்கென்றே அமைந்த முறை. 40 அளவுருக்கள் இருந்தால், ஒவ்வொன்றையும் இருபுறமும் தனித்தனியே அசைத்துப் பார்க்கும் முறைக்குச் சுற்றுக்கு 80 ஓட்டம். இதற்கு 2 போதும். நாணயம் சுண்டியதுபோல +1 அல்லது -1 கொடுத்து எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் அசைக்கிறது. அந்த இடத்தில் காஸியன் எண்களை (பூஜ்ஜியத்தைச் சுற்றி மணி வடிவில் பரவும் சீரற்ற எண்களை) போட்டுவிடாதீர்கள். அசைவால் வகுப்பதால், பூஜ்ஜியத்தை ஒட்டி ஒரே ஓர் எண் விழுந்தாலும் மதிப்பீடு வெடித்துவிடும்.

ஒவ்வொரு சுற்றிலும் அளவுருக்களை நகர்த்தும் படிநீளமும் அசைவும் சுற்று ஏற ஏறச் சிறுக்க வேண்டும்: படிநீளம் தேயும் அடுக்கு 0.602, அசைவு தேயும் அடுக்கு 0.101. இவற்றை மாற்ற வேண்டிய தேவை அநேகமாக வராது. 1000 சுற்று ஓட்டுவதானால், தொடக்கப் படிகள் மிகப் பெரிதாகாமல் காக்கும் நிலைப்படுத்தும் மாறிலி 100.

தலைவலி எல்லாம் அசைவின் தொடக்க அளவில்தான். தொடக்கப் புள்ளியில் எதையும் மாற்றாமல் 20 முறை ஓட்டி, விடைகளின் திட்டவிலக்கத்தைக் கணக்கிடுங்கள். அசைவு அதற்குப் பக்கத்தில் இருக்கட்டும். அதில் பத்தில் ஒரு பங்காக வைத்தால் கிரேடியன்டின் இரைச்சல் பத்து மடங்காகும். ஓர் அளவுரு 0–1, இன்னொன்று 0–5000 என்றிருந்தால் எந்த அளவும் பொருந்தாது. முதலில் எல்லாவற்றையும் 0–1 எல்லைக்குள் கொண்டுவந்துவிட வேண்டும்.

இந்த முறையில் கிடைக்கும் பெரிய லாபம், இரண்டு ஓட்டத்துக்கும் ஒரே சீட் (seed, சீரற்ற எண்களின் வரிசையைத் தீர்மானிக்கும் தொடக்க எண்) கொடுப்பது. பொதுவான இரைச்சல் கழிந்துபோகும். அதிகபட்சம் சுற்றுகளின் கனமூலத்துக்கு எதிர்விகிதத்தில் குறையக்கூடிய பிழை, இப்போது வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதம் வரை குறைய முடியும். ஆனால் ஓர் ஓட்டம் மற்றதைவிட ஒரேயொரு சீரற்ற எண்ணைக் கூடுதலாக எடுத்தாலும் இரண்டும் இணைபிரிந்துவிடும். வாடிக்கையாளர் காத்திருக்கும் வரிசையின் சிமுலேஷன் என்றால் வருகைக்கு ஒரு சீட், சேவை நேரத்துக்கு வேறொரு சீட் என்று பிரித்து வைப்பதே நல்லது. குவாண்டம் சர்க்யூட்டில் இந்த வசதி இல்லை: +1, -1 தரும் அளவீட்டில் 1024 ஷாட்டுக்கு (சர்க்யூட்டை ஒருமுறை ஓட்டி அளப்பது ஒரு ஷாட்) திட்டப்பிழை 0.03 வரை போகும், ஷாட்டை நான்கு மடங்காக்கினால்தான் பாதியாகும்.

"விடை மாறவில்லை, நிறுத்து" என்ற விதியை நம்பக் கூடாது. இரைச்சலே அதைத் தற்செயலாக நிறைவேற்றிவிடும். சுற்று எண்ணிக்கையை முன்பே நிர்ணயித்து, கடைசிப் புள்ளிக்குப் பதிலாகக் கடைசி 50 புள்ளிகளின் சராசரியை எடுத்துக்கொள்ளுங்கள்.