வீட்டில் பிசிபி: எந்த வழி எவ்வளவு சீக்கிரம் பிழையைக் காட்டுகிறது?

பிசிபி என்பது மின்பாகங்களைச் செம்புக் கோடுகளால் இணைக்கும் போர்டு. அதன் படத்தைக் கணினியில் வரைந்து முடித்ததிலிருந்து அதிலுள்ள பிழை கண்ணில் படும் வரை எத்தனை மணி நேரம் ஆகிறது? வீட்டில் பிசிபி செய்யும் முறைகளை நான் எடைபோடுவது இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான். அழகில் ஆலைப் போர்டோடு வீட்டுப் போர்டு போட்டி போட முடியாது. விலையிலும் கடினம்தான், பத்து சென்டிமீட்டர் சதுரத்துக்குள் அடங்கும் ஐந்து போர்டுகளைச் சீன நிறுவனங்கள் சில டாலருக்கே செய்து தருகின்றன. அனுப்பும் கூலிதான் அதிகம். ஆக, நம் கையில் இருப்பது வேகம் மட்டுமே.

பெரும்பாலோர் தொடங்குவது டோனரில். லேசர் பிரிண்டரின் டோனர் ஒரு பிளாஸ்டிக் தூள். சூட்டில் இளகி ஒட்டிக்கொள்ளும். வழவழப்பான தாளில் அச்சடித்து, பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரால் துலக்கிய செம்பின் மேல் கவிழ்த்து, இஸ்திரிப் பெட்டியால் அழுத்த வேண்டும். பிறகு தண்ணீரில் ஊறவிட்டு, தாளை விரலால் உருட்டி உருட்டி எடுக்க வேண்டும். இங்க்ஜெட் அச்சு இதற்கு உதவாது. கையிலிருக்கும் பொருளே போதும் என்பதால் செலவு சொற்பம். ஆனால் ஒருநாள் வந்தது மறுநாள் வராது. கொஞ்சம் அதிகமாக அழுத்தினால் கோடுகள் நசுங்கிப் பரவும். குறைந்தால் தாளோடு உரிந்து வரும். அரை மில்லிமீட்டர் கோடு என்றால் கவலையில்லை. 0.3 மில்லிமீட்டருக்குக் கீழே இறங்கினால் குலதெய்வத்தைத் துணைக்கு அழைக்க வேண்டும்.

டோனரில் நான் வாங்கிய அடி வேறு. அடிப்பக்கச் செம்பை மென்பொருள் மேலிருந்து ஊடுருவிப் பார்ப்பதுபோலக் காட்டும். அதை அப்படியே அச்சடித்தால் போதும். கவிழ்த்து ஒட்டும்போது தானாகத் திரும்பிவிடும். நானோ பாதுகாப்புக்காக என்று இன்னொரு முறை கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிவிட்டேன். துளையெல்லாம் போட்டு முடித்த பிறகுதான் 28 கால் ஐசியின் (சில்லின்) முதல் கால் எதிர் வரிசையில் இருப்பது தெரிந்தது. கால்களை எதிர்ப்பக்கம் மடக்கி, மல்லாந்த கரப்பான்பூச்சிபோல அதைப் பொருத்தினேன். இருந்தும் நஷ்டம் ஒரு மாலைதான். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அடுத்த போர்டு தயார்.

இப்போது என் கை தானாகப் போவது டிரை ஃபிலிம் பக்கம். ஒளி பட்டால் இறுகும் நீலப் படலம் அது. இருபுறமும் மெல்லிய பாதுகாப்பு உறை இருக்கும். மூலையில் இரு பக்கமும் செல்லோ டேப்பை ஒட்டி எதிரெதிரே இழுத்தால் உள் உறை மட்டும் பிரியும். நகத்தால் பிரிக்கப் பார்த்தால் படலம் கிழிந்துவிடும். ஈரமான செம்பின் மேல் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளிக் குமிழியில்லாமல் ஒட்டி, லேமினேட்டரில் ஓரிரு முறை விடுகிறேன். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கான ஓஎச்பி தாளில், கோடுகள் மட்டும் ஒளியை விடும்படி அச்சடித்த நெகட்டிவை மை படிந்த பக்கம் படலத்தைத் தொடும்படி வைத்து, நகப்பூச்சு உலர்த்தும் புறஊதா விளக்கைக் காட்டினால், ஒளி பட்ட இடம் கருநீலமாக மாறுவது கண்ணுக்கே தெரியும். எத்தனை நொடி என்பதை ஒரு துண்டுப் போர்டில் படிப்படியாகச் சோதித்துக் குறித்து வைத்துவிட்டால் பிறகு அந்தக் கணக்கு மாறாது. ஒளி படாத படலத்தைக் கழுவி எடுக்க லிட்டருக்குப் பத்து கிராம் சலவைச் சோடா. ஆப்பச்சோடா அல்ல, அது வேறு உப்பு. 0.2 மில்லிமீட்டர் கோடு தவறாமல் வருகிறது. டோனரைவிட வேலை கூடுதல்தான், ஆனால் இன்று வந்தது நாளையும் வரும்.

இரண்டு முறைக்கும் பிறகு, மூடப்படாத செம்பைக் கரைத்தெடுக்க ஃபெரிக் குளோரைடு உண்டு. பிளாஸ்டிக் தட்டு, கையுறை, லேசான சூடு. அலுமினியப் பாத்திரத்தில் ஊற்றினால் பாத்திரமே கரையும். சட்டையில் பட்ட கறை போகாது. பயன்படுத்திய கரைசலில் செம்பு இருப்பதால் அதைச் சாக்கடையில் கொட்டக் கூடாது.

இந்த ரசாயனத் தொல்லையே வேண்டாம் என்பவர்கள் சிஎன்சியை, அதாவது கணினி ஓட்டும் செதுக்கு எந்திரத்தை, சொல்வார்கள். செம்பின் தடிமன் வெறும் 0.035 மில்லிமீட்டர், கூர்முனை 0.1 மில்லிமீட்டர் இறங்கினால் வேலை முடிந்தது. ஆனால் போர்டு 0.2 மில்லிமீட்டர் வளைந்திருந்தாலே ஒரு மூலையில் முனை காற்றைச் சீவும், மறு மூலையில் வாய்க்கால் வெட்டும். அதனால் முதலில் போர்டு முழுவதும் உயரத்தை அளக்க வேண்டியிருக்கிறது. எஃப்ஆர்-4 என்ற கண்ணாடி இழைப் போர்டிலிருந்து பறப்பது கண்ணாடி இழைத் தூள். முகக்கவசமும் தூசு உறிஞ்சியும் இல்லாமல் தொடக் கூடாது. சத்தத்தை அடுத்த வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எந்திரம் ஏற்கெனவே இருந்தால் சரி, பிசிபிக்காக மட்டும் வாங்காதீர்கள்.

வெளியில் கொடுப்பதன் உண்மையான பலம் செம்பு பூசிய துளைகள். வீட்டில் இரண்டு பக்கத்தையும் இணைக்க ஒவ்வொரு துளையிலும் கம்பி செருகி இரு பக்கமும் சாலிடர் வைக்க வேண்டும். முப்பது துளை என்றால் பொறுமை போய்விடும். ஆனால் என் கேள்விக்கு மிக மோசமான பதிலும் இதுதான். ஒன்றிரண்டு வாரம் காத்திருந்து பெட்டியைப் பிரித்தால், அச்சில் வார்த்ததுபோல ஒரே பிழை ஐந்து போர்டிலும் இருக்கும்.

ஆகவே சுற்றில் சந்தேகமான பகுதியை மட்டும் டிரை ஃபிலிமில் ஒற்றைப் பக்கமாகச் செய்து ஓட்டிப் பார்க்கிறேன்; முழுப் போர்டை வெளியில் கொடுக்கிறேன். எதற்கும் முன்னால், படத்தை நூறு சதவீத அளவில் சாதாரணத் தாளில் அச்சடித்து, தெர்மோகோல் மேல் ஒட்டி, ஐசியையும் கனெக்டரையும் குத்திப் பார்க்கிறேன். கால்கள் துளைக்கு நேரே இறங்காவிட்டால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அந்த 28 கால் ஐசியின் பிழையை மட்டும் இது காட்டியிருக்காது; படம் திரும்பியிருந்தாலும் அதன் இரு வரிசைக் கால்களும் துளைக்கு நேரேதான் இறங்கும்.