புதிய மெஷினா, பழைய மெஷினா? கோளாறு எங்கே ஒளிந்திருக்கிறது என்று பாருங்கள்

உணவுத் தொழிற்சாலைக்கு மெஷின் வாங்கக் கிளம்பினால் முதலில் எழும் கேள்வி, புதுசா செகண்ட் ஹேண்டா என்பதுதான். மொத்த லைனுக்கும் ஒரே பதில் தேடினால் மாட்டிக்கொள்வோம். டேங்க் ஒரு மாதிரி கிழடாகும், பேக்கிங் மெஷின் வேறு மாதிரி. கோளாறு கண்ணுக்குத் தெரிகிற மெஷினைப் பழையதாக வாங்கலாம். உள்ளே ஒளிந்துகொள்கிற மெஷின் என்றால் புதிதுதான். என் கணக்கு இவ்வளவே.

சாதாரண சேமிப்பு டேங்க், மேஜை, கன்வேயர், பம்ப் இவையெல்லாம் பழையதாக வாங்கத் தோதானவை. டேங்குக்குள் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் படுக்கவைத்து அடித்துப் பாருங்கள். நேராக அடித்தால் தெரியாத குழிகள் நிழல் கட்டி எழுந்து நிற்கும். அப்புறம் வெல்டிங் மேல் விரலை ஓட்டுங்கள். நகம் தட்டுகிற இடத்தில் உணவும் தங்கும், கிருமியும் தங்கும். உணவு படும் பரப்பின் சொரசொரப்பு 0.8 மைக்ரானுக்குள் இருக்க வேண்டும் என்பது பரவலான அளவுகோல். பாலிஷ் போய்விட்டால் திரும்பப் போடலாம், குழி விழுந்த தகட்டை மீட்பது கஷ்டம்.

காந்தம் ஒட்டவில்லை என்பதை மட்டும் வைத்து, உணவு மெஷின்களில் வழக்கமாக வரும் 304 ரகத் துருப்பிடிக்காத எஃகு (ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல்) என்று நம்பிவிடாதீர்கள். நிக்கல் குறைவான 200 வரிசை எஃகிலும் காந்தம் பிடிக்காது. 304-க்கும் 316 என்ற இன்னொரு ரகத்துக்கும் உள்ள வித்தியாசமும் அதற்குத் தெரியாது. உப்பும் புளிப்பும் சேர்ந்த பொருள் ஓடுமென்றால் 316 வேண்டும். அதில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் இருக்கும். கையடக்க எக்ஸ்ரே கருவி அதைச் சில நொடிகளில் காட்டிவிடும்.

முன்பு அதில் என்ன ஓடியது என்று கேட்காமல் பழைய மெஷினைத் தொடவே கூடாது. ரசாயனம் ஓடிய டேங்க் எவ்வளவு பளபளத்தாலும் வேண்டாம்.

நீராவி ஜாக்கெட் கெட்டில், அதாவது இரட்டைச் சுவருக்கு நடுவே நீராவி விட்டுச் சூடாக்கும் பெரிய பாத்திரம், இரண்டுங்கெட்டான். உள்சுவர் தெரியும், ஜாக்கெட்டின் உட்புறம் தெரியாது. அழுத்தச் சான்றிதழ் இருந்து, தண்ணீர் அழுத்தச் சோதனையையும் நம் கண் முன்னே செய்து காட்டினால் வாங்கலாம். இல்லையா, விலையைக்கூடக் கேட்காதீர்கள்.

பிளேட் ஹீட் எக்ஸ்சேஞ்சர், அதாவது அடுக்கிய தகடுகளின் ஒரு பக்கம் சூடானதும் மறுபக்கம் குளிர்ந்ததும் ஓடி வெப்பத்தை மாற்றிக்கொள்ளும் கருவி, புதிதாகத்தான். மெல்லிய தகடுகளில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்திருந்தாலும் வெளியே தெரியாது. பாலை 72 டிகிரி செல்சியஸில் 15 விநாடி வைக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சூடாக்காத பால் அந்த ஓட்டை வழியே சூடாக்கிய பக்கம் கசிந்தால் செய்த வேலை அத்தனையும் வீண். பழையதைத்தான் வாங்குவேன் என்றால் தகடுகளைச் சோதித்து, தகடுகளுக்கு நடுவே கசிவைத் தடுக்கும் ரப்பர் கேஸ்கெட் முழுவதையும் மாற்றும் செலவையும் கூட்டிப் பாருங்கள். விலை வித்தியாசம் நிறையவே சுருங்கிவிடும்.

பேக்கிங் மெஷினும் அப்படித்தான். அங்கே தேய்வது இரும்பு மட்டுமல்ல, கன்ட்ரோல் பேனலும் காலாவதியாகும். அதற்குள் மெஷினை இயக்குவது பி.எல்.சி. என்ற சிறு கணினி. அந்த மாடல் இப்போது உற்பத்தியில் இல்லை என்றால் ஒரு கார்டு எரிந்த அன்றே லைன் நின்றுவிடும். போதாக்குறைக்கு, அதன் அச்சுகளெல்லாம் பழைய முதலாளியின் பாட்டில் அளவுக்குச் செய்தவை. 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாட்டிலிருந்து வந்த மெஷினின் மோட்டாரை நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நேரடியாக ஓட்டினால் வேகம் ஆறில் ஒரு பங்கு குறையும். இது ஒன்றுதான் மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ் போட்டுச் சரிசெய்யக்கூடிய தொல்லை.

சரி, புதியது என்றால் கவலையே இல்லையா? அதுவும் இல்லை. ஆர்டர் கொடுத்துப் பல மாதம் காத்திருக்க வேண்டும், அதுவரை கட்டிடமும் ஆட்களும் சும்மா. பிரோஷரில் மணிக்கு 1,000 கிலோ என்றிருக்கும். 8 மணி நேர ஷிப்டில் கழுவ ஒன்றரை மணி, பொருள் மாற்ற ஒரு மணி போனால் மிஞ்சுவது 5,500 கிலோ. 8,000 என்று நம்பி பாய்லரும் குளிர் அறையும் போட்டவர்கள் உண்டு.

புதியதில் நமக்கு ஒரு பெரிய பிடி இருக்கிறது. மெஷின் கிளம்பும் முன்பே, செய்கிற இடத்திலேயே ஓட்டிப் பார்க்கலாம். தண்ணீரை ஓட்டிக் காட்டுவார்கள், ஒப்புக்கொள்ளாதீர்கள். நம் பொருளையே கொண்டுபோய் ஓட்டச் சொல்லுங்கள், பிறகு பிரித்துக் கழுவச் சொல்லி நேரம் பாருங்கள். கடைசித் தவணையை நம் இடத்தில் ஓடிய பிறகு கொடுப்பதாக ஒப்பந்தத்தில் எழுதுங்கள். பி.எல்.சி. புரோகிராமின் பிரதியும் அதன் பாஸ்வேர்டும் கைக்கு வரும்வரை அந்தத் தவணையை விடவே விடாதீர்கள்.