களிமண்ணா, காகிதக்கூழா, நிழற்பாவையா? தமிழ்ப் பாடத்துக்கு எது ஒத்துவரும்

தொடக்கநிலை 2, 3 தமிழ்ப் பாடத்தோடு கைவேலையைச் சேர்க்க நினைக்கும் ஆசிரியர் முன் பெரும்பாலும் மூன்று வழிகள் இருக்கும்: காற்றில் உலரும் களிமண், காகிதக்கூழ் முகமூடி, அட்டையில் வெட்டிய நிழற்பாவை. மூன்றும் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். மூன்றுக்கும் பெரிய செலவில்லை. முடிவைத் தீர்மானிப்பது வேறொன்று: செய்த பொருள் அடுத்த பாடவேளைவரை எங்கே இருக்கும், எந்த நிலையில் இருக்கும்?

சிங்கப்பூரில் தமிழ் வகுப்பு பல பள்ளிகளில் இரவல் அறையில்தான் நடக்கிறது. வெவ்வேறு வகுப்புகளிலிருந்து பிள்ளைகள் வந்து கூடுவார்கள். பாடவேளை முடிந்ததும் அறை அதன் சொந்த வகுப்புக்குப் போய்விடும். ஈரப் பொருளைப் பரப்பி வைக்க இடம் கிடைக்காது. போதாததற்கு நம் ஊர்க் காற்றின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் துவைத்த துணியே காயாது, களிமண் எங்கே காயப்போகிறது?

களிமண்ணைப் பார்ப்போம். 25 பிள்ளைகளுக்கு ஆளுக்கு 80 கிராம் என்றால் 500 கிராம் பொட்டலம் நான்கு வேண்டும். ஒரு செண்டிமீட்டருக்கு மேல் தடிமன் போனால் வெளிப்புறம் முதலில் உலர்ந்து சுருங்கும். உள்ளே இன்னும் ஈரம் இருப்பதால் மேலே வெடிப்பு விழும். கையையோ வாலையோ வெறுமனே அழுத்தி ஒட்டினால் காய்ந்ததும் கழன்றுவிடும். ஒட்டும் இரு பக்கங்களையும் பல்குத்தியால் கீறி, அதே களிமண்ணை நீரில் குழைத்துத் தடவித்தான் சேர்க்க வேண்டும். குளிர்சாதன அறையில் ஒரு நாளில் உலர்வது, மின்விசிறி அறையில் இரண்டு மூன்று நாள் எடுக்கும். இடையில் ஒருமுறை திருப்பியும் வைக்க வேண்டும். இரவல் அறையில் யார் திருப்புவது?

காகிதக்கூழ் இன்னும் கடினம். மைதாப் பசை நம் வெப்பத்தில் ஓரிரு நாளிலேயே புளித்த வாடை வீசும், எறும்பு வரும், உள்பக்கம் பூஞ்சணம் பிடிக்கும். மைதாவுக்குப் பதில் வெள்ளைப் பசையை இரண்டு பங்கு, தண்ணீரை ஒரு பங்கு கலந்தால் இந்தத் தொல்லை குறையும். ஒரே நாளில் மூன்று அடுக்குக்கு மேல் ஒட்டக்கூடாது. பலூன் மேல் ஒட்டினால் இன்னொரு சிக்கல்: குளிரூட்டிய அறையில் பலூன் சுருங்க, ஈரக் காகிதம் தானாகவே உரிந்து வரும். ஆனாலும் இதில் ஓர் அழகு உண்டு. 1935 முதல் வந்துகொண்டிருக்கும் தமிழ் முரசைக் கிழித்துக் கொடுத்தால் பிள்ளைகள் ஒட்டுவதை நிறுத்திவிட்டுத் துண்டுகளில் உள்ள சொற்களை எழுத்துக்கூட்டுவார்கள். பள்ளி விடுமுறை முகாமில் மூன்று நாள் தொடர்ந்து ஒரே அறை கிடைத்தால் தாராளமாகச் செய்யலாம்.

வாராந்தரப் பாடத்துக்கு நிழற்பாவைதான் சரி. ஈரமே இல்லை. செய்ததை ஏ4 கோப்பில் செருகிப் பிள்ளையின் பையிலேயே அனுப்பலாம், அடுத்த வகுப்பில் உடையாமல் வெளியே எடுக்கலாம். ஒருமுறை செய்த பாவையை மூன்று நான்கு பாடங்களுக்குப் பயன்படுத்த முடிவது இதில் மட்டும்தான்.

அட்டை சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையில் (தடிமனைக் குறிக்கும் அளவு) கறுப்பாக இருக்கட்டும். 120 கிராம் தாள் ஈரக்காற்றில் சுருண்டுவிடும். 300 கிராம் அட்டையை மழுங்கிய முனைக் கத்தரிக்கோலால் எட்டு வயதுப் பிள்ளை வெட்ட முடியாது. உருவம் 15 செண்டிமீட்டர் உயரம், ஒரே ஒரு மூட்டு. மூட்டுக்கான ஸ்பிளிட் பின் (இரு கால்களையும் பின்னால் விரித்து மடக்கும் பின்) துளையை ஆசிரியரே முன்கூட்டிப் போட்டுவிட வேண்டும். பின்னை இறுக மடக்கினால் கை அசையாது. அதனால் அதன் தலைக்கடியில் சிறு அட்டைத்துண்டு ஒன்றை வைத்து மடக்கிவிட்டு, பிறகு துண்டை உருவி எடுத்தால் தேவையான தளர்வு கிடைக்கும். கைப்பிடிக்குச் சாத்தே குச்சி (இறைச்சி கோத்துச் சுடும் மெல்லிய மூங்கில் குச்சி) போதும், கூர்முனையை நறுக்கிவிடுங்கள். குச்சியை உடலோடு நீளவாக்கில் ஒட்டினால் பிள்ளையின் விரல் நிழலும் திரையில் விழும். பாவைக்குச் செங்குத்தாகப் பின்னால் நீட்டும்படி டேப்பால் ஒட்டினால் கை மறைந்துவிடும்.

திரைக்கு, கேக் சுடும்போது தட்டில் விரிக்கும் பேக்கிங் பேப்பர். அதன் மேல் வழவழப்புப் பூச்சு இருப்பதால் டேப் நிற்காது. பலர் சலித்துக் கைவிடுவது இந்த இடத்தில்தான். பெட்டி அட்டையில் வெட்டிய சட்டத்தோடு ஸ்டேப்பிள் அடித்தால் தீர்ந்தது. பின்னால் ஒரு மீட்டர் தள்ளி ஒற்றை விளக்குள்ள டார்ச். பல எல்இடி கொண்ட விளக்கு ஒரு மீனை நாலு மீனாகக் காட்டும். மின்விசிறியை அணைக்க மறந்தால் திரை படபடக்கும்.

கதைக்கு நம் ஊரின் வாள்மீன் கதை நன்றாகப் பொருந்தும். கரைக்கு வரும் மக்களை மீன்கள் குத்த, வாழைத்தண்டால் வேலி போடலாம் என்று ஒரு சிறுவன் யோசனை சொல்கிறான். (சிறுவனுக்குக் கடைசியில் நேரும் கொடுமையை இந்த வயதில் சொல்ல வேண்டாம், மீனின் மூக்கு வாழைத்தண்டில் சிக்கியதோடு நிறுத்திக்கொள்ளலாம்.) மீனின் மூக்கை ஒரு செண்டிமீட்டர் அகலமாக வெட்டாவிட்டால் முதல் காட்சியிலேயே மடங்கிவிடும்.

இலக்கணம் இங்கே தானாக வந்து சேரும். ஒரு மீன் திரைக்கு வந்தால் "பாய்ந்தது". இரண்டாவது மீனும் சேர்ந்ததும் "பாய்ந்தன". சிறுவன் "சொன்னான்", மன்னர் "கேட்டார்", வீரர்கள் "ஓடினார்கள்". பயிற்சித்தாளில் "மீன்கள் பாய்ந்தது" என்று எழுதும் பிள்ளை, தன் கையில் இரண்டு குச்சி இருக்கும்போது சட்டென்று திருத்திக்கொள்கிறது. முதல் வாரம் இறந்தகாலம், அடுத்த வாரம் உரையாடல், அதற்கடுத்த வாரம் அதே பாவைகளோடு புதிய முடிவு.

தொடக்கநிலை 5, 6 பற்றி இவ்வளவு உறுதியாகச் சொல்லமாட்டேன். வாய்மொழித் தேர்வுக்குத் தயாராகும் வயதில் சிலருக்குப் பாவை சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம். வசனத்தை அவர்களே எழுதினால் நிலைமை மாறக்கூடும்.

தொடக்கநிலை 1 முற்றிலும் வேறு. அங்கே தேவை எழுத்தின் வடிவம், அதற்கு உலரவே உலராத பிளாஸ்டிசின் களிமண் நிழற்பாவையைவிட மேல். பென்சில் தடிமனில் உருட்டிய திரியை, லேமினேட் செய்த எழுத்தட்டையில் தொடங்கும் புள்ளியிலிருந்து எழுதும் வரிசையிலேயே வளைத்து வைக்கச் சொல்லுங்கள். ண, ன இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வளைக்கும் பிள்ளை, சுழிகளை விரலால் தொட்டு எண்ணும்: இதற்கு மூன்று, அதற்கு இரண்டு.