38,500 ரூபாய் போனது: ஹெட்போன் ஆம்ப்ளிஃபையரும் டிஏசியும் வாங்கப் போகிறவர்கள் பணம் அனுப்பும் முன் படியுங்கள்

38,500 ரூபாய் போய்விட்டது. கூடவே, பல வருடங்களாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்த என் ஹெட்போனின் இடது பக்கமும் போய்விட்டது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆறிவிட்டால் "போகட்டும், யார் அலைவது" என்று விட்டுவிடுவோம். அப்படி விட்டுவிடுகிறவர்களை நம்பித்தான் இந்தக் கடை நடக்கிறது. மேசையில் வைத்துப் பயன்படுத்தும் ஆம்ப்ளிஃபையரையும் டிஏசியையும் எப்படிப் பார்த்து வாங்குவது என்று கடைசியில் விரிவாகச் சொல்கிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

கடை சென்னையில் இருக்கிறது. மாடியில் ஓர் அறை, இணையத்தில் ஒரு பக்கம், இறக்குமதி ஒலிக்கருவிகள் மட்டும். புகார் கொடுத்திருப்பதால் பெயரை எழுதவில்லை. ஆனால் இந்த வகைக் கடையை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள்.

என்னிடம் இருப்பது சென்ஹைசர் எச்டி 600. 1997-இல் வந்த மாதிரி, இன்றும் விற்கிறது. என்னுடையது அயர்லாந்தின் டல்லமோர் ஆலையில் செய்தது. அதன் மின்மறுப்பு, அதாவது மின்னோட்டத்துக்கு அது காட்டும் எதிர்ப்பு, 300 ஓம். மடிக்கணினியில் நேராகச் செருகினால் பாடும், ஆனால் எழும்பாது. நான் கேட்பவை பெரும்பாலும் பழைய கச்சேரிப் பதிவுகள். பாடகர் எம்.டி. ராமநாதன் மந்த்ர ஸ்தாயியில், அதாவது கீழ்ஸ்தாயியில், இறங்கி நிற்கும் இடங்களில் பதிவே தாழ்ந்த ஒலியில் இருக்கும். ஒலியளவை முழுக்கத் திருப்பினாலும் போதாது. இதுபோன்ற ஹெட்போனுக்கு வேண்டியது வோல்டேஜ். அதைத் தருவது ஆம்ப்ளிஃபையர். கணினி அனுப்பும் எண்களை மின் அலையாக மாற்றித் தருவது டிஏசி. இரண்டும் ஒரே பெட்டியில் வருகிற கருவியைத்தான் தேடினேன்.

தொலைபேசியில் பேசியபோதே அந்தக் கடைக்காரர் என்னை நம்பவைத்துவிட்டார். "உங்கள் ஹெட்போனையே எடுத்துக்கொண்டு வாருங்கள் அண்ணா. கடை ஹெட்போனில் கேட்டு எதையும் வாங்காதீர்கள்" என்றார். எவ்வளவு நேர்மையான பேச்சு! போனதும் டீ வந்தது. நான் என்ன கேட்பேன் என்று விசாரித்தார். அவருடைய அப்பாவும் டிசம்பர் சீசனில் சபா சபாவாகச் சுற்றியவர் என்றார். அதன் பிறகு அந்தத் தீ விபத்தைப் பற்றி ஆரம்பித்தார்.

2020 அக்டோபர் 20 அன்று ஜப்பானின் நோபெயோகா நகரில் ஏகேஎம் நிறுவனத்தின் சிப் ஆலை தீப்பிடித்தது. அணைக்கவே நாட்கள் ஆயின. உலகம் முழுக்க டிஏசி செய்பவர்கள் சிப் கிடைக்காமல் தவித்தார்கள். பலர் தங்கள் கருவிகளையே மாற்றி வடிவமைத்து இஎஸ்எஸ், சிரஸ் லாஜிக் நிறுவனங்களின் சிப்களுக்குப் போனார்கள். இதெல்லாம் நடந்த உண்மை. நானும் படித்திருந்தேன். அவர் ஊரையும் வருடத்தையும் சரியாகச் சொன்னார். இவ்வளவு தெரிந்தவர் விஷயம் தெரிந்த ரசிகர், நம்மில் ஒருவர் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

அந்த உண்மையின் மேல் பொய்யை ஏற்றிவைத்தார். "இது தீக்கு முந்தைய சரக்கு அண்ணா. உள்ளே ஏகேஎம் சிப். இனி இந்த மாதிரியை இப்படிச் செய்ய மாட்டார்கள். பெங்களூரிலிருந்து ஒருவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். நீங்கள் உண்மையாகக் கேட்கிறவர் என்பதால் உங்களுக்குக் கொடுக்கிறேன்." விலை 38,500 ரூபாய்.

பிறகு கேட்கவைத்தார். இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள், இதே வித்தையை உங்களிடமும் செய்வார்கள். முதலில் விலை குறைந்த ஒரு கருவியில் என் ஹெட்போனைச் செருகினார். நான் கொண்டுபோன கச்சேரிப் பதிவு, அதே இடம். பிறகு இந்தக் கருவிக்கு மாற்றினார். தம்புரா சட்டென்று தெளிந்து வந்தது. மிருதங்கத்தின் தொப்பி, அந்த இடப்பக்கத் தோல், அடிவயிற்றில் அதிர்ந்தது. "கேட்டீர்களா அண்ணா, சிப்பின் வேலை" என்றார். அவர் விரல் முன்பக்கத்தில் ஒலியைக் கூட்டும் கெயின் பொத்தானை மேலே தள்ளியதும், ஒலியளவுக் குமிழைக் கடைசிவரை அவரே பிடித்திருந்ததும் இப்போது எனக்குத் துல்லியமாக நினைவுக்கு வருகின்றன. இரண்டு கருவிகளில் ஒன்று ஒரு டெசிபல் கூடுதலாக ஒலித்தாலே போதும், காது அதைச் "சத்தம்" என்று சொல்லாது. "தெளிவு" என்றுதான் சொல்லும். ஒலியளவை மீட்டர் வைத்துச் சமப்படுத்தாமல் செய்கிற எந்த ஒப்பீடும் ஒப்பீடே அல்ல. இது அந்தத் தொழிலில் இருப்பவருக்குத் தெரியாத விஷயம் இல்லை. தெரிந்தே செய்தார்.

பெட்டியின் ஒட்டு கிழிந்திருந்தது. கேட்டேன். "சுங்கத்தில் திறந்து பார்த்தார்கள்" என்றார். பில் கேட்டேன். கடை முத்திரை போட்ட ஒரு தாளில் கருவியின் பெயரையும் 38,500 என்ற தொகையையும் எழுதிக் கொடுத்தார். ஜிஎஸ்டி பில் அன்று மாலையே மின்னஞ்சலில் வரும் என்றார். இன்றுவரை வரவில்லை. பணம் யுபிஐ வழியாகப் போனது, கடைக் கணக்குக்கு அல்ல, ஒரு தனி நபரின் பெயருக்கு. "கணக்காளர் மாறுகிறார் அண்ணா" என்று அதற்கும் ஒரு பதில் இருந்தது.

சில நாட்கள் நன்றாகத்தான் ஓடியது. பிறகு இடது பக்கம் கரகரத்தது. கடைக்கு எழுதினேன். கணினியில் டிரைவரை மாற்றச் சொன்னார்கள். மாற்றினேன், கரகரப்பு நிற்கவில்லை. "உங்கள் வீட்டில் எர்த் சரியில்லை" என்றார்கள். எலக்ட்ரீஷியனை வரவழைத்துப் பார்த்தேன், எர்த் சரியாக இருந்தது. "யுஎஸ்பி கேபிளை மாற்றுங்கள்" என்றார்கள். இப்படி நாட்களைக் கடத்திக்கொண்டிருந்த நேரத்தில்தான் ஓர் இரவு கருவியை இயக்கியதும் இடது காதில் "டப்" என்று ஓர் அடி. பிறகு பெரிய உறுமல். கழற்றிப் பார்த்தால் ஹெட்போனின் இடது பக்கத்திலிருந்து தீய்ந்த வாசனை. அதன் பிறகு அந்தப் பக்கம் பேசவே இல்லை.

அன்றிலிருந்து கடையில் நான் "அண்ணா" இல்லை, "சார்". முதலாளி ஊரில் இல்லை சார். முதலாளி வெளிநாட்டுக் கண்காட்சிக்குப் போயிருக்கிறார் சார். கருவியை உங்கள் செலவில் அனுப்புங்கள் சார், சோதித்துவிட்டுச் சொல்கிறோம். எத்தனை நாளில் சொல்வீர்கள் என்று கேட்டால் பதில் இல்லை. கருவியைப் பெற்றுக்கொண்டதற்கு எழுத்தில் ரசீது தருவீர்களா என்று கேட்டால் பதில் இல்லை. கடைசியில் வாட்ஸாப்பில் ஒரு வரி வந்தது: "ஹெட்போன் பழுதுக்குக் கடை பொறுப்பல்ல, ஆம்ப்ளிஃபையரில் குறை இருப்பதாக நிரூபியுங்கள்." சரி, நிரூபித்துவிடுவோம் என்று சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் வெகுகாலமாக ஆம்ப்ளிஃபையர் பழுதுபார்க்கும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன்.

அவர் மூடியைக் கழற்றும் முன்பே கேட்ட கேள்வி: "தம்பி, இதை இயக்கினால் சில விநாடி கழித்துக் 'க்ளிக்' என்று சத்தம் வருமா?" வந்ததே இல்லை என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். திருகாணிகளின் தலைகள் ஏற்கெனவே தேய்ந்திருந்ததை முதலில் காட்டினார். திறந்ததும் எல்லாம் வெளியே வந்தது.

நல்ல ஹெட்போன் ஆம்ப்ளிஃபையரில் ஒலி வெளியேறும் வழியில் பெரும்பாலும் ஒரு ரிலே இருக்கும், தானாகவே இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச் அது. இயக்கியதும் மின்னோட்டம் நிலைப்படும்வரை காத்திருந்து, பிறகுதான் ஹெட்போனை இணைக்கும். அந்தச் சத்தம்தான் க்ளிக். உள்ளே ஏதாவது கெட்டு நேர்மின்சாரம் (டிசி) வெளியே வரத் தொடங்கினால் அதே ரிலே உடனே துண்டித்து ஹெட்போனைக் காப்பாற்றும். என் கருவியில் அந்த ரிலேயைப் பிடுங்கிவிட்டு ஒரு கம்பித்துண்டை வைத்துப் பற்றவைத்திருந்தார்கள். இடது பக்கத்து வெளியீட்டு டிரான்சிஸ்டர்கள் வலது பக்கத்தில் இருப்பவற்றைப் போல இல்லை. எப்போதோ கெட்டுப்போய், கையில் கிடைத்ததைப் போட்டிருக்கிறார்கள். அவையும் இப்போது ஷார்ட் ஆகிவிட்டன. மல்டிமீட்டரை வைத்ததும் இடது வெளியீட்டில் 15 வோல்ட் நேர்மின்சாரம் காட்டியது. அங்கே இருக்க வேண்டியது சில மில்லிவோல்ட். தடுக்க ரிலே இல்லாததால் அத்தனையும் நேராக என் ஹெட்போனின் சுருளில் இறங்கியிருக்கிறது.

அதாவது, ஏற்கெனவே ஒருமுறை எரிந்த கருவி. ரிலே ஏன் துண்டிக்கிறது என்று பார்த்துச் சரிசெய்யாமல், துண்டிக்கிற ரிலேயையே நீக்கிவிட்டு, துடைத்துப் பெட்டியில் வைத்து, "புதியது" என்று 38,500 ரூபாய்க்கு விற்றிருக்கிறார்கள். இதை வெறும் குறை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காதில் மாட்டுகிற பொருள் அது.

அந்த ஏகேஎம் சிப்பையும் தேடினோம். இல்லை. இருந்தது இஎஸ்எஸ். இஎஸ்எஸ் தரமான சிப், அதில் எனக்கு ஒரு மனக்குறையும் கிடையாது. இன்றைய நல்ல சிப்கள் எல்லாமே காதால் பிரித்தறிய முடியாத அளவுக்குத் துல்லியமானவை. மின்வழங்கியும் ஆம்ப்ளிஃபையர் பகுதியும் எப்படிச் செய்யப்பட்டிருக்கின்றன என்பதே முக்கியம். என் ஆத்திரம் அந்தப் பொய்யின் மேல். பெட்டியில் அச்சிட்ட வரிசை எண் ஒன்று, கருவியின் அடியில் இருக்கும் எண் வேறொன்று. தயாரிப்பாளருக்கு இரண்டையும் எழுதிக் கேட்டேன். பெட்டி பழைய வடிவத்துக்கு உரியது, கருவி சிப் மாற்றிய பிந்தைய வடிவம், அதுவும் வேறொரு நாட்டு விற்பனையாளருக்கு அனுப்பியது, இந்தியாவில் வாரண்டி செல்லாது என்று பதில் வந்தது. தீக்கு முந்தைய பெட்டிக்குள் தீக்குப் பிந்தைய, பழுதான கருவி.

படங்களையும் தயாரிப்பாளரின் பதிலையும் கடைக்கு அனுப்பினேன். "நீங்கள் திறந்துவிட்டீர்கள், வாரண்டி ரத்து" என்று பதில் போட்டுவிட்டு என் எண்ணைத் தடுத்துவிட்டார்கள். நிரூபி என்றதும் அவர்கள், நிரூபித்ததும் ரத்து என்றதும் அவர்கள். 38,500 ரூபாயை வாங்கியவர் இப்போது தொலைபேசியைக்கூட எடுப்பதில்லை. அவருடைய பக்கத்தில் நேற்றும் ஒரு "தீக்கு முந்தைய" கருவியின் படம் ஏறியிருக்கிறது. அதைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

விரிவாகச் சொல்கிறேன் என்றேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை, அவசரமானதை மட்டும் சொல்கிறேன். ஜிஎஸ்டி எண் உள்ள பில்லில் வரிசை எண்ணையும் எழுதி வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். தனி நபர் கணக்குக்கு அனுப்பவே அனுப்பாதீர்கள். முடிந்தால் கிரெடிட் கார்டில் கொடுங்கள், வங்கியிடம் முறையிட ஒரு வழியாவது இருக்கும். பெட்டியில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, அதிகபட்ச விற்பனை விலை ஒட்டப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள். ஒலியளவுக் குமிழை உங்கள் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

வாட் கணக்கைக் காட்டி மயக்குவார்கள். 32 ஓமில் 2 வாட் என்றால் 8 வோல்ட். அதே 8 வோல்ட் 300 ஓமில் 0.2 வாட்தான். எச்டி 600-க்கு அதுவே தாராளம். உங்கள் ஹெட்போனின் ஓமுக்கு எவ்வளவு என்று கேளுங்கள், சொல்லத் தெரியாவிட்டால் வாங்காதீர்கள். குறைந்த ஓம் ஹெட்போன் வைத்திருப்பவர்கள் ஆம்ப்ளிஃபையரின் வெளியீட்டு மின்மறுப்பு ஹெட்போனுடையதில் எட்டில் ஒரு பங்குக்குக் கீழே இருக்கிறதா என்று பாருங்கள். ஜப்பானிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ வந்த கருவி என்றால் பின்பக்கம் 230 வோல்ட் என்று இருக்கிறதா என்று பார்த்த பிறகே செருகுங்கள். அங்கே 100, 120 வோல்ட்.

நான் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிந்திருக்கிறேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் அங்கே கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் இல்லாமலும் போகலாம். 38,500 ரூபாயையும் ஹெட்போனின் செலவையும் சேர்த்தே கேட்கப் போகிறேன்.

யாராவது உங்களுக்கும் இப்படி ஒரு "தீக்கு முந்தைய" கருவியை விற்றிருந்தால், அடியில் உள்ள எண்ணையும் பெட்டி எண்ணையும் இன்றே ஒப்பிட்டுப் பாருங்கள். ஹெட்போனைச் செருகாமல் இயக்கிக் காதைத் தீட்டிக் கேளுங்கள். எண்கள் பொருந்தாவிட்டாலோ, இருக்க வேண்டிய க்ளிக் வராவிட்டாலோ, தெரிந்தவரிடம் காட்டி வெளியீட்டை அளக்கும்வரை அதில் ஹெட்போனை மாட்டாதீர்கள்.