டீசல் ஊறிய மலை மண்: அப்படியே விடுவதா, பரப்புவதா, குவிப்பதா, நுண்ணுயிர்த் தூள் வாங்குவதா?

குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலை. ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் வைத்திருந்த 200 லிட்டர் டீசல் பீப்பாய் இரவோடு இரவாக ஒழுகித் தீர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். காலையில் பார்த்தால் சுமார் 10 கன மீட்டர் மண் ஊறிக் கிடக்கிறது. சரிவுக்குக் கீழே ஓடை, அதற்கும் கீழே ஊர் குடிக்கும் ஊற்று. இந்த மண்ணை என்ன செய்வது என்று கேட்டால் நான்கு பதில்கள் வரும்: தானாகவே மக்கட்டும் என்று விடுவது, பரப்பிக் கிளறுவது, குவியல் கட்டிக் காற்றூட்டுவது, எண்ணெய் தின்னும் நுண்ணுயிர்த் தூளை வாங்கித் தூவுவது. எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நீலகிரியில் குவியல்தான் முதல் தேர்வு. தூளுக்குக் கொடுக்கும் பணத்தைச் சுண்ணாம்புக்கும் உரத்துக்கும் குழாய்க்கும் கொடுங்கள்.

எந்த வழியானாலும் முதல் ஒரு மணி நேர வேலை ஒன்றுதான். சரிவின் கீழ்ப்பக்கம் மண்ணால் கரை கட்டி, தேங்கிய டீசலைத் தென்னை நார்க்கழிவாலோ மரத்தூளாலோ உறிஞ்சி எடுக்க வேண்டும். சோப்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவவே கூடாது. எண்ணெய் கண்ணுக்கு மறையும், ஆனால் கரைந்து நேரே ஓடைக்குப் போகும். எண்ணெய்க் கழிவு 2016-ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளுக்குள் வருகிறது. மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தெரிவித்துவிட்டே மண்ணை நகர்த்துங்கள்.

நுண்ணுயிர் டீசலை எப்படித் தின்கிறது என்று தெரிந்தால் பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். டீசலில் பெரும்பகுதி 10 முதல் 20 கார்பன் நீளமுள்ள சங்கிலிகள். சூடோமோனாஸ், ரோடோகாக்கஸ், அசினெட்டோபாக்டர் போன்ற பாக்டீரியாக்கள் சங்கிலியின் நுனியில் ஓர் ஆக்ஸிஜன் அணுவைச் செருகி அதை ஆல்கஹாலாக்குகின்றன, பிறகு கொழுப்பு அமிலமாக்குகின்றன. அதன் பின் இரண்டிரண்டு கார்பனாக நறுக்கித் தின்று தீர்க்கின்றன. ஆக்ஸிஜன் இல்லாவிட்டால் அந்த முதல் செருகலே நடக்காது. ஒரு கிலோ டீசல் முழுவதும் கார்பன் டை ஆக்ஸைடாகவும் தண்ணீராகவும் மாறச் சுமார் 3.5 கிலோ ஆக்ஸிஜன் வேண்டும்.

நம் 200 லிட்டரின் எடை சுமார் 168 கிலோ. அப்படியானால் தேவை ஏறத்தாழ 580 கிலோ ஆக்ஸிஜன். ஊட்டியின் உயரத்தில் காற்று மெலிந்தது. அங்கே இதற்கு 2,600 கன மீட்டர் காற்று வேண்டும். இதையே தண்ணீரில் கரைந்த ஆக்ஸிஜனாகக் கொடுக்க நினைத்தால், லிட்டருக்கு 8 மில்லிகிராம் கணக்கில் 7 கோடி லிட்டருக்கு மேல் தண்ணீர் பிடிக்கும். மழையில் ஊறிச் சொதசொதவென்று கிடக்கும் மண்ணில் டீசல் ஏன் வருடக்கணக்கில் அப்படியே இருக்கிறது என்பதற்கு இந்தக் கணக்கே பதில்.

அப்படியே விடுவது

சில சொட்டுகள், மேலாகச் சிந்தியது என்றால் விட்டுவிடலாம். பீப்பாய் அளவுக்கு வேண்டாம். அமெரிக்காவின் மினசோட்டாவில் பெமிட்ஜி அருகே 1979-இல் கச்சா எண்ணெய்க் குழாய் உடைந்தது. எடுக்க முடிந்ததை எடுத்த பிறகு மீதியை இயற்கையிடம் விட்டு, இன்றுவரை ஆராய்ந்து வருகிறார்கள். நுண்ணுயிர்கள் வேலை செய்துகொண்டுதான் இருக்கின்றன, இருந்தும் பல பத்தாண்டுகள் கழித்தும் நிலத்தடி நீர்மட்டத்தின் மேல் எண்ணெய் மிதக்கிறது. நம் மலையில் சரிவும் ஊற்றும் இருக்க, அத்தனை காலம் எண்ணெய் ஓரிடத்தில் காத்திருக்காது. அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அப்படி ஒரு நாள் வந்தால் டீசல் மக்கும் முன்பே ஆற்றில் இருக்கும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. சோலையை ஒட்டிய சதுப்பில் கொட்டியிருந்தால், மேலே மிதப்பதை உறிஞ்சி எடுத்துவிட்டு மண்ணைத் தொடாமல் விடுவதே நல்லது. அந்தக் கரிமண்ணை வெட்டி எடுக்கும் சேதம் டீசல் செய்வதைவிடப் பெரிது.

பரப்பிக் கிளறுவது

சமவெளியில் இது மலிவான, நல்ல முறை. மண்ணை 30 சென்டிமீட்டர் கனத்தில் பரப்பி, உரம் தூவி, வாரம் ஒரு முறை கிளறினால் போதும். 10 கன மீட்டருக்கு 33 சதுர மீட்டர் சமநிலம் வேண்டும். அதை மலையில் எப்படியோ ஒதுக்கிவிடலாம். மழையை ஒதுக்க முடியாது. கூடலூர், பந்தலூர்ப் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு. திறந்த பரப்பில் போட்ட யூரியா ஒரே மழையில் ஓடைக்குப் போய்விடும். ஊட்டியில் உறைபனிக் காலத்தில் மெல்லிய மண் பரப்பு இரவெல்லாம் குளிரில் விறைத்துக் கிடக்கும். 10 டிகிரி குறைந்தால் நுண்ணுயிர் வேலை ஏறக்குறைய பாதியாகும். மண் 5 டிகிரிக்குக் கீழே போனால் கிட்டத்தட்ட நின்றேவிடும்.

பூ வளர்த்துக் கைவிட்ட பாலிஹவுஸ் ஏதாவது கைவசம் இருந்தால் எங்கள் பதில் மாறும். மழை படாது, பகலில் சூடு ஏறும். தரையில் கனத்த பிளாஸ்டிக் விரித்து அதற்குள் பரப்பினால், குவியலுக்கு இணையாகவே வேலை நடக்கும், குழாய்ச் செலவும் இல்லை. ஆவி வெளியேறப் பக்கத் திரைகளைத் திறந்து வைக்க மறக்கக் கூடாது.

குவியல் கட்டுவது

பண்ணைக் குட்டைக்கு விரிக்கும் 500 மைக்ரான் எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் ஷீட்டைத் தரையில் விரித்து, ஓரங்களை 25 சென்டிமீட்டர் உயர்த்தி, ஒரு மூலையை நோக்கிச் சாய்வு கொடுங்கள். அந்த மூலையில் ஒரு டிரம். வடியும் நீரெல்லாம் அதில் சேரும், அதையே திரும்பக் குவியலின் மேல் ஊற்ற வேண்டும். ஷீட்டின் மேல் 10 சென்டிமீட்டர் மணல். மணலில் 2 அங்குல பி.வி.சி. குழாய் மூன்றை ஒரு மீட்டர் இடைவெளியில் பதியுங்கள். குழாயில் 15 சென்டிமீட்டருக்கு ஒரு துளை வீதம் 6 மில்லிமீட்டர் துளைகள் வேண்டும். குழாயின் ஒரு முனை மூடியிருக்க, மறுமுனை காற்றூட்டும் இயந்திரமான ஊதிக்குப் போகும்.

நீலகிரி மண் களிப்பானது, அழுத்தினால் காற்றே புகாது. அதனால் 10 கன மீட்டர் மண்ணுக்கு 2 முதல் 3 கன மீட்டர் பொலபொலப்பான பொருள் கலக்க வேண்டும். இந்த மலையில் அதற்கு மொட்டுக்காளான் பண்ணைக் கழிவு எருவைவிட நல்லது வேறில்லை: வைக்கோல் நார், கொஞ்சம் நைட்ரஜன், உயிருள்ள நுண்ணுயிர்கள், அமிலத்தைத் தணிக்கும் சுண்ணாம்புச் சத்து எல்லாம் அதில் உண்டு. யூகலிப்டஸ் இலையையும் சீகை மரப்பட்டையையும் தவிர்த்துவிடுங்கள். முன்னதன் தைலமும் பின்னதன் டானினும் நுண்ணுயிருக்கு ஆகாது. குவியல் அடியில் 3.5 மீட்டர் அகலம், மேலே 1.5 மீட்டர், உயரம் 1.2 மீட்டர், நீளம் 5 மீட்டர் இருந்தால் எல்லாம் அடங்கும். மேலே கறுப்பு ஷீட் போட்டு மூடினால் மழையும் படாது, வெயிலின் சூடும் தங்கும்.

பெரும்பாலும் தவறு நடப்பது சத்துக் கணக்கில். தேயிலை மண்ணின் பி.எச். 4.5 முதல் 5.5 வரை, எண்ணெய் தின்னிகளுக்கு 6 முதல் 8 வேண்டும். கன மீட்டருக்கு 3 முதல் 5 கிலோ டோலமைட் சுண்ணாம்பில் தொடங்கி, இரண்டு வாரம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள். யூரியாவை அதற்குப் பிறகே போட வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் போட்டால் நைட்ரஜன் அம்மோனியாவாகப் பறந்துவிடும், நெடியே காட்டிக்கொடுக்கும்.

கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ் 100-க்கு 10-க்கு 1 என்பது வழக்கமான விகிதம். 168 கிலோ டீசலில் கார்பன் சுமார் 145 கிலோ. ஆகவே நைட்ரஜன் 14.5 கிலோ, அதாவது யூரியா 31 கிலோ, பாஸ்பரஸ் 1.45 கிலோ, அதாவது சூப்பர் பாஸ்பேட் சுமார் 20 கிலோ. சூப்பரை முதலிலேயே கலந்துவிடலாம். யூரியாவை மொத்தமாகப் போட்டால் குவியல் செத்துவிடும். 13 டன் மண்ணில் உள்ள ஈரம் சுமார் 2.6 டன். 14.5 கிலோ நைட்ரஜனும் அதில் கரைந்தால் லிட்டருக்கு 5,500 மில்லிகிராம். 2,000-ஐத் தாண்டினாலே உப்பின் இழுப்பில் பாக்டீரியாவின் உடலிலிருந்து நீர் வெளியேறி அவை முடங்கிவிடும். அதனால் மூன்று வாரத்துக்கு ஒரு முறை 8 கிலோவாக நான்கு தவணையில் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள்.

அரை எச்.பி. ஊதி தினம் இரண்டு மணி நேரம் ஓடினால் போதும். ஊதி காற்றை உள்ளே தள்ள வேண்டும். உறிஞ்சினால் டீசல் ஆவி மோட்டாருக்கு வரும். ஈரம் சரியா என்று பார்க்க, உள்ளிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்துப் பிழியுங்கள். உருண்டை நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. அழுகிய நாற்றம் வந்தால் குழாய் அடைத்திருக்கிறது என்று பொருள். பிரித்துக் கட்டுவதைத் தவிர வழியில்லை. குன்னூர் உயரத்தில் ஐந்தாறு மாதம், ஊட்டியில் அதைவிட அதிகம் ஆகும் என்று திட்டமிடுங்கள்.

தூள் வாங்குவது

எண்ணெய் தின்னும் பாக்டீரியா என்றதும் ஆனந்த மோகன் சக்ரவர்த்தியின் பெயர் வரும். அவர் உருவாக்கிய சூடோமோனாஸுக்குக் காப்புரிமை தரலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1980-இல் தீர்ப்பளித்தது. அறிவியல் வரலாற்றில் பெரிய நிகழ்வு அது. ஆனால் திறந்த வெளியில் கொட்டிய எண்ணெயைச் சுத்தம் செய்வது வேறு விஷயம். அலாஸ்காவில் 1989-இல் எக்ஸான் வால்டெஸ் கப்பல் உடைந்து எண்ணெய் கொட்டியபோது, கரையில் உரம் தெளித்தது பலன் கொடுத்தது. கடைப் பாக்டீரியாவைத் தூவிப் பார்த்த சோதனைகளில் உரத்தைவிடக் கூடுதல் பலன் தெரியவில்லை.

காரணம் எளிது. எண்ணெய் தின்னிகள் நம் மண்ணிலேயே இருக்கின்றன. இலைகளின் மேல் உள்ள மெழுகும் டீசலைப் போன்ற கார்பன் சங்கிலிதான். தேயிலைச் சருகும் சோலைச் சருகும் விழுந்து மக்கும் மண் காலங்காலமாக அதைத் தின்று பழகியது. வெளியிலிருந்து வரும் பாக்டீரியா குளிரிலும் அமிலத்திலும் உள்ளூர்க்காரர்களோடு போட்டி போட முடியாமல் மடியும். கடலில் பேர் பெற்ற அல்கானிவோராக்ஸ் பாக்டீரியா உப்பு இல்லாமல் வளராது. மலை மண்ணில் அதைப் போடுவது வீண்.

பஞ்சகவ்யமும் ஜீவாமிர்தமும் ஊற்றலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பயிருக்கு ஊற்றுங்கள், இங்கே வேண்டாம். அவற்றில் உள்ள வெல்லத்தைத் தின்று முடிக்கும் வரை பாக்டீரியா எண்ணெயைச் செரிக்கும் நொதியைச் சுரக்காது. நுண்ணுயிர் விதைப்பு வேண்டும் என்று தோன்றினால், ஜெனரேட்டர் அறை ஓரத்தில் பல வருடம் டீசல் சொட்டிக் கறுத்த மண்ணில் இரண்டு மூன்று கிலோ எடுத்துக் கலந்துவிடுங்கள்.

தூளுக்கும் இடம் உண்டு. சுத்திகரிப்பு ஆலைகளில் எண்ணெய்ச் சேறு கெட்டியாக, உயிரே இல்லாமல் கிடக்கும். அங்கே டெரி நிறுவனம் உருவாக்கிய ஆயில்ஜாப்பர் போன்ற கலவைகள் பயன்பட்டிருக்கின்றன. நம் தொழிற்சாலைக் கொல்லை அந்த வகையில் சேராது.

முடிந்ததா என்று அறிவது

நாற்றம் போனதை நம்பாதீர்கள். இலேசான பகுதி ஆவியாகிப் போயிருக்கும். என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் மொத்த ஹைட்ரோகார்பன் அளவைக் கேட்கும்போது, டீசலில் உள்ள 17 கார்பன் நேர்ச்சங்கிலிக்கும் பிரிஸ்டேன் என்ற கிளைச்சங்கிலிக்கும் உள்ள விகிதத்தையும் கேளுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் ஆவியாகும். நுண்ணுயிரோ நேர்ச்சங்கிலியைத்தான் முதலில் தின்னும், கிளைத்த பிரிஸ்டேனைப் பிறகுதான் தொடும். விகிதம் குறைந்திருந்தால் நுண்ணுயிர்கள் டீசலைத் தின்றிருக்கின்றன. குறையாமல் அளவு மட்டும் இறங்கியிருந்தால் அது காற்றில் போயிருக்கிறது, இல்லையென்றால் ஓடைக்கு.

அறிக்கை நன்றாக வந்த பிறகும் 25 கீரை விதையைக் குவியல் மண்ணிலும் 25 விதையைப் பக்கத்து நல்ல மண்ணிலும் ஊன்றி, முளைப்பை ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் சமமானால் வாரியத்தின் அனுமதியோடு தொழிற்சாலை வளாகத்துக்குள் மேடு நிரப்பப் பயன்படுத்தலாம். கேரட், உருளைக்கிழங்கு போடும் நிலத்துக்கு அந்த மண் போகக் கூடாது.