டோட்டல் கமாண்டர் பிளகின்கள்: நிறுவுவது சுலபம், ஒழுங்குபடுத்துவதில்தான் வேலை

டோட்டல் கமாண்டரை இரண்டு பலகை ஃபைல் மேனேஜராக மட்டும் பயன்படுத்துபவர்கள் அதில் பாதியைத்தான் பார்த்திருக்கிறார்கள். மீதி, அதோடு சேர்த்துக்கொள்ளும் துணை நிரல்களான பிளகின்களில் இருக்கிறது. அவை நான்கு வகை. புதிய ஆர்க்கைவ் (ஜிப் போன்ற சுருக்கிய தொகுப்பு) வடிவங்களைத் திறப்பது டபிள்யூசிஎக்ஸ். எஃப்3 அழுத்தினால் வரும் லிஸ்டரில் ஃபைலைக் காட்டுவது டபிள்யூஎல்எக்ஸ். ரிமோட் சர்வர் போன்றவற்றை டிரைவ் போலத் திறந்து தருவது டபிள்யூஎஃப்எக்ஸ். படம் எடுத்த தேதி, பாட்டின் நீளம் என ஃபைலுக்குள் இருக்கும் தகவலை நெடுவரிசைகளில் காட்டுவது டபிள்யூடிஎக்ஸ்.

நிறுவும் முறைக்கு முழு மதிப்பெண் தரலாம். பிளகினின் ஜிப் ஃபைலை வெளியே பிரிக்க வேண்டாம். டோட்டல் கமாண்டருக்குள்ளேயே அதன் மேல் கர்சரை வைத்து என்டர் தட்டினால், நிறுவட்டுமா என்று அதுவே கேட்கும். ஜிப்பின் முதல் மட்டத்தில் இருக்கும் பிளகின்ஸ்ட்.ஐஎன்எஃப் என்ற சின்ன டெக்ஸ்ட் ஃபைலைப் படித்துத்தான் இதைச் செய்கிறது. பிளகினின் வகை, ஃபைல் பெயர், போக வேண்டிய ஃபோல்டர் எல்லாம் அதில் இருக்கும். கேள்வி வராமல் ஜிப் சும்மா திறந்துகொண்டால், அந்த ஃபைல் உள் ஃபோல்டர் ஒன்றில் இருக்கும், அல்லது ஜிப்புக்குள் இன்னொரு ஜிப் இருக்கும். பழைய பிளகின்களில் அந்த ஃபைலே இல்லாமலும் போகலாம். அப்போது தனி ஃபோல்டரில் பிரித்து வைத்து, செட்டிங்ஸில் பிளகின்ஸ் பக்கம் போய், உரிய வகையில் கையால் சேர்க்க வேண்டும்.

நிறுவியும் வேலை செய்யவில்லையா? முதலில் 32 பிட்டா 64 பிட்டா என்று பாருங்கள். 64 பிட் நிரலுக்குள் 32 பிட் டிஎல்எல் (பிளகினின் நிரல் ஃபைல்) ஏறவே ஏறாது. 64 பிட் பிளகினின் எக்ஸ்டென்ஷன் கடைசியில் 64 என்று இருக்கும். இரண்டு பதிப்பும் ஒரே ஃபோல்டரில் ஒரே பெயரில் இருப்பதே நல்லது. அடுத்த சந்தேகம் புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டர். அங்கே எழுத அட்மின் அனுமதி வேண்டும். தன் அமைப்புகளைத் தன் ஃபோல்டரிலேயே சேமிக்கும் பிளகின் அங்கே இருந்தால், மாற்றிய எதுவும் நிலைக்காது.

ஒழுங்குபடுத்துவதில்தான் இந்த நிரல் பின்தங்குகிறது. நான்கு வகைக்கும் நான்கு தனிப் பட்டியல்கள், தானாகப் புதுப்பிக்கும் வசதி கிடையாது. லிஸ்டர் பிளகின்களில் வரிசை மிக முக்கியம். ஃபைலை ஏற்றுக்கொள்ளும் முதல் பிளகினே அதைக் காட்டும். எந்த எக்ஸ்டென்ஷனுக்கு என்ற டிடெக்ட் நிபந்தனை காலியாக இருக்கும் பிளகின் எல்லா ஃபைலுக்கும் கை நீட்டும். அது மேலே உட்கார்ந்தால் கீழே இருப்பவற்றுக்கு வாய்ப்பே வராது. கண்ட்ரோல்+கியூ முன்னோட்டமும் ஃபைலுக்கு ஃபைல் தடுமாறும். குறிப்பிட்ட வடிவத்துக்கானவை மேலே, எல்லாவற்றையும் திறப்பவை கடைசியில். டோட்டல் கமாண்டர் தன் அமைப்புகளைச் சேமிக்கும் வின்சிஎம்டி.ஐஎன்ஐ ஃபைலில் லிஸ்டர்பிளகின்ஸ் பகுதியில் 0, 1, 2 என்று வரும் எண்களே இந்த வரிசை. அங்கே நேரடியாகத் திருத்துவதானால் நிரலை மூடிவிட்டு, பாதை வரியையும் அதே எண்ணுள்ள டிடெக்ட் வரியையும் சேர்த்தே இடம் மாற்றுங்கள்.

டபிள்யூசிஎக்ஸ் வகையில் வேறு தொல்லை. இன்ஸ்டாலர் ஃபைல்களைத் திறக்கும் பிளகினைப் போட்டபின், என்டர் தட்டினால் இன்ஸ்டாலர் ஓடாமல் ஆர்க்கைவ் போல விரியலாம். அதற்காக அருமையான பிளகினைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. ஐஎன்ஐ ஃபைலில் அந்த எக்ஸ்டென்ஷனுக்கு எதிரே பாதைக்கு முன் ஓர் எண் இருக்கும். அதோடு 256-ஐக் கூட்டுங்கள். 192 இருந்தால் 448 ஆகும். இனி என்டருக்கு ஃபைல் வழக்கம்போல் ஓடும், உள்ளே பார்க்க கண்ட்ரோல்+பேஜ்டவுன். இவ்வளவு பயனுள்ள வசதியை எண்ணுக்குள் ஒளித்து வைத்திருப்பது பெரிய குறை.

பிளகின்கள் நிரலின் பிராசஸுக்குள்ளேயே ஓடுவதால் ஒன்று கெட்டால் ஜன்னல் மொத்தமும் விழும். ஒரே நேரத்தில் பத்தைப் போட்டால் குற்றவாளியைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. ஒன்றைப் போட்டு, சில ஃபைல்களில் சோதித்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். ஒவ்வொரு முறையும் வின்சிஎம்டி.ஐஎன்ஐ-க்கு ஒரு நகல் எடுத்து வைத்தால், பழைய நிலைக்குத் திரும்ப அதைத் திருப்பி வைத்தாலே போதும். புதுப் பதிப்பை மேலெழுத முடியவில்லை என்றால், டிஎல்எல் இன்னும் பயன்பாட்டில் இருக்கிறது என்று பொருள். திறந்திருக்கும் டோட்டல் கமாண்டர், லிஸ்டர் ஜன்னல்கள் அனைத்தையும் மூடிவிட்டு நகலெடுங்கள்.