ஜாதகத்தை முதல்ல நீங்க குடுக்காதீங்க – கல்யாண புரோக்கர்கிட்ட நாங்க ஏமாந்த கதை

கொஞ்சம் பெரிய பதிவு தான், வீட்ல வரன் பாத்துட்டு இருக்கவங்க மட்டுமாச்சும் பொறுமையா படிங்க. புரோக்கர் பேரு, ஊரு, மாப்பிள்ளை வீட்டு விவரம் எதுவும் போடல, கேஸ் நடக்குது, பேர் போடாதன்னு வக்கீல் கண்டிப்பா சொல்லிட்டார். நாங்க மதுரை பக்கம். அது போதும்.

என் தங்கச்சிக்கு (வீட்ல பாப்பான்னு தான் கூப்பிடுவோம்) செவ்வாய் தோஷம். ஜாதகத்துல எட்டாம் வீட்டுல செவ்வாய், அதே தோஷம் இருக்க பையனா தான் பாக்கணும்பாங்க. எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை கிடையாது, ஆனா அம்மாவுக்கு இருக்கு, அம்மாவுக்கு இருந்தா வீட்டுக்கே இருக்குன்னு தான அர்த்தம். 24 வயசுல ஆரம்பிச்சு 28 வரைக்கும் ஜாதகம் வரும், பொருந்தாது, போகும். நல்ல இடமா வந்தா பையனுக்கு செவ்வாய் இருக்காது, செவ்வாய் இருந்தா ரஜ்ஜு தட்டும் (பத்து பொருத்தத்துல ஒண்ணு, நட்சத்திரத்த வச்சு பாப்பாங்க, ரெண்டு பேருக்கும் ஒரே ரஜ்ஜுன்னா ஆகாதும்பாங்க). பாப்பாவுக்கு ரோகிணி, கழுத்து ரஜ்ஜு. ஜோசியர் "இது தட்டினா மத்த ஒன்பது பொருத்தமும் இருந்து பிரயோஜனம் இல்லம்மா"ன்னு சொல்லிருவார், அன்னைக்கு பூரா அம்மா சாப்பிட மாட்டாங்க.

இந்த நேரத்துல தான் சித்தி மூலமா இந்த புரோக்கர் வந்தாரு. அறுபது வயசு இருக்கும், நெத்தி நிறைய விபூதி, கையில மஞ்சப்பை. அம்மாவ "தங்கச்சி"ன்னு தான் கூப்பிடுவார். ஒரு மாடி ரூம்ல தகவல் மையம், ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர். பதிவு கட்டணம் 3,500, அதுக்கு மட்டும் ரசீது. "தங்கச்சி, நீ பாப்பா ஜாதகத்த குடுத்துட்டு போ, செவ்வாய்க்கு செவ்வாயா நான் கொண்டு வர்றேன், கவலைய விடு"ன்னார். நானே தான் பாப்பா ஜாதகத்த ஸ்கேன் பண்ணி அவர் வாட்ஸப்புக்கு அனுப்பினேன். 2024 வைகாசி, ஒரு செவ்வாய்க்கிழமை. இந்த கிழமைய ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

அந்த வெள்ளிக்கிழமையே வரன் வந்துருச்சு, ஜாதகம் வாட்ஸப்புல பிடிஎஃப்பா. பையன் 1991, கோயம்புத்தூர் பக்கம் கம்பெனில சூப்பர்வைசர், ஏழுல செவ்வாய், பத்துக்கு எட்டு பொருத்தம், ரஜ்ஜு சுத்தமா இருக்கு. நாலு வருஷமா கிடைக்காதது மூணு நாள்ல கிடைச்சா சந்தேகம் வரணுமா வேணாமா? எங்களுக்கு வரல. அம்மா ஜோசியர்கிட்ட ஓடுனாங்க, அவரும் பாத்துட்டு "இத விட்ராதீங்க"ன்னுட்டார். அவர குத்தம் சொல்ல மாட்டேன், கையில குடுத்த பேப்பர தான அவரு பாத்தாரு.

விசாரிக்கலையான்னு கேப்பீங்க. விசாரிச்சோம். மாமா நேர்ல போனார், கூடவே புரோக்கரும் போனார், அந்த தெருல டீக்கடைல ஒருத்தர்கிட்ட "இவர கேளுங்க, பக்கத்து வீட்டுக்காரர்"னு காட்டினதும் புரோக்கர் தான், அந்தாளு "தங்கமான குடும்பம்"னு சொன்னார், மாமா டீ குடிச்சுட்டு திரும்பி வந்துட்டார். அந்த வீட்டுக்கு அவங்க வாடகைக்கு வந்தே ரெண்டு வருஷம் தான் ஆகுதுன்னு எங்களுக்கு பின்னாடி தான் தெரிஞ்சுது. பழைய ஊர்ல போய் கேட்டிருந்தா ஒரு நிமிஷத்துல கதை கந்தலாயிருக்கும்.

பொண்ணு பாக்க வந்தப்ப பையன் அதிகம் பேசல. கூச்ச சுபாவம்னு நினைச்சுக்கிட்டோம். கொஞ்சம் முகம் முத்தலா தெரியுதேன்னு பெரியம்மா சொன்னதுக்கு "கம்பெனில நைட் ஷிஃப்ட், அலைச்சல்"னு புரோக்கர் உடனே பதில் சொன்னார். எல்லா கேள்விக்கும் அவர்தான் பதில் சொன்னார்னு இப்ப தோணுது. பேசி முடிச்ச அன்னைக்கு எங்ககிட்ட 40,000 கமிஷன். அதுக்கு ரசீது கிடையாது, "நல்ல காரியத்துக்கு குடுக்குறதுக்கு யாராச்சும் ரசீது கேப்பாங்களா தங்கச்சி".

இன்னும் ரெண்டு எடத்துல மணி அடிச்சுது, எங்க காதுல விழல. எங்க அம்மாவுக்கு கல்யாணத்த கோயில்ல வச்சு, பக்கத்து மண்டபத்துல சாப்பாடு போடணும்னு ஆசை. மாப்பிள்ளை வீட்ல கோயில் வேணாம், மண்டபத்துலயே வைங்கன்னு ஒரே பிடிவாதம். ஏன்னா அறநிலையத்துறை கோயில்ல பதிவு பண்ணணும்னா ஆதார், வயசு சர்டிபிகேட், அதோட இதுதான் முதல் கல்யாணம்னு விஏஓ குடுக்குற சான்று எல்லாம் கேப்பாங்க. அந்த வயசு பேப்பரும் அந்த ஒரு சான்றும் தான் அவங்களால குடுக்க முடியாதது. இன்னொன்னு, கல்யாணத்த ரிஜிஸ்டர் பண்றது. தமிழ்நாட்டுல 2009 சட்டப்படி எந்த கல்யாணமா இருந்தாலும் 90 நாளுக்குள்ள பதிவு பண்ணியாகணும். ஆவணி கடைசில கல்யாணம், நான் மூணு தடவ கேட்டேன், "ஆடிட்டிங் முடியட்டும் மச்சான்", "லீவு இல்ல மச்சான்", மூணாவது தடவ போனே எடுக்கல. வயசு சான்று காட்டணும்ல, எப்படி வருவான்.

பாப்பா அங்க இருந்த நாலு மாசத்த பத்தி நான் ரொம்ப எழுதல, அது அவ விஷயம். அடி உதை எதுவும் கிடையாது, அத சொல்லியாகணும். ஆனா அவன் ஒரு வீட்டுக்குள்ள பேயிங் கெஸ்ட் மாதிரி இருந்திருக்கான். வேலை, சாப்பாடு, போன், தூக்கம். "அண்ணே, கோவமா இருந்தா கூட பரவால்ல, எனக்காக காத்துட்டு இருந்த ஆளு மாதிரியே இல்லண்ணே, எதையோ முடிச்சுட்டு வந்து உக்காந்த ஆளு மாதிரி இருக்கார்"னு ஒரு தடவ போன்ல சொன்னா. நான் "புதுசுல அப்படித்தான் இருக்கும், போகப்போக சரியாயிரும்"னு பெரிய மனுஷன் மாதிரி அட்வைஸ் பண்ணேன். அந்த வார்த்தைய இப்ப நினைச்சாலும் என்னையே அறையணும் போல இருக்கு.

2025 பொங்கலுக்கு முந்தி, போகிக்கு வீடு சுத்தம் பண்றப்ப பாப்பா பரண் மேல இருந்த டிரங்குப் பெட்டிய இறக்கியிருக்கா. உள்ள ஒரு பழைய நோட்டு ஜாதகம், நாலு மூலைலயும் மஞ்சள் தடவினது. மாப்பிள்ளை பேர் தான். வருஷம் 1986. நட்சத்திரம் திருவோணம். அந்த நோட்டுக்குள்ள மடிச்சு வச்ச ஒரு கல்யாண பத்திரிகை, 2016ல அடிச்சது, மாப்பிள்ளை பேர் அதே, பொண்ணு பேர் வேற.

ரோகிணிக்கும் திருவோணத்துக்கும் ரஜ்ஜு ஒண்ணுதாங்க. ரெண்டும் கழுத்து. எங்க அம்மா நாலு வருஷமா எத கண்டு பயந்து ஓடுனாங்களோ அதுக்கே தேடிப்போய் தாலி வாங்கி குடுத்திருக்காங்க. எனக்கு நம்பிக்கை இல்லன்னு சொன்னேன்ல, ஆனா அன்னைக்கு அம்மா அழுத அழுகைல எனக்கே வயித்த கலக்கிருச்சு.

அன்னைக்கு நைட்டு தான் அந்த வாட்ஸப் பிடிஎஃப்ப தேடி எடுத்து கம்ப்யூட்டர்ல போட்டு ப்ராப்பர்ட்டீஸ் பாத்தேன். எப்ப உருவாக்குன ஃபைல்னு தேதி இருக்கும்ல. நான் பாப்பா ஜாதகம் அனுப்புனது செவ்வாய். மாப்பிள்ளை ஜாதகம் உருவானது வியாழன் ராத்திரி 9:40. வெள்ளிக்கிழமை காலைல எங்க வீட்டுக்கு வந்துருச்சு. அதாவது எங்க பொண்ணு ஜாதகத்த முன்னாடி வச்சுக்கிட்டு, டெய்லர் அளவெடுத்து சட்டை தைக்கிற மாதிரி அதுக்கு ஏத்த ஒரு ஜாதகத்த தைச்சிருக்காங்க. இது பெரிய வித்தை எல்லாம் இல்ல. சந்திரன் ஒரு நட்சத்திரத்துல ஏறக்குறைய ஒரு நாள் தான் இருக்கும், பொறந்த தேதிய ஒண்ணு ரெண்டு நாள் நகத்துனா ரஜ்ஜு மாறிரும். லக்னம் (கட்டத்துல வீடுகள எண்ண ஆரம்பிக்குற இடம்) ஏறக்குறைய ரெண்டு மணி நேரத்துக்கு ஒண்ணு, பொறந்த நேரத்த நகத்துனா செவ்வாய் எந்த வீட்டுல வேணுமோ அங்க வந்து உக்காந்துக்கும். ஜாதக சாஃப்ட்வேர்ல தேதிய மாத்தி மாத்தி போட்டு பாத்தா அரை மணி நேர வேலை. அந்த பேப்பர்ல இருக்க தேதி நேரத்துல நெஜமாவே பொறந்த ஒருத்தன் எங்கயாவது இருப்பான், பாப்பாவுக்கு பத்துக்கு எட்டு பொருத்தம் அவன் கூடத்தான்.

கேக்கப்போனா மாப்பிள்ளை என்ன சொன்னான் தெரியுமா? "உங்களுக்கு எல்லாம் தெரியும்னு தான் நான் நினைச்சேன், முதல் கல்யாணம் 2019ல கோர்ட்ல முடிஞ்சத சொல்லிட்டேன், பொண்ணுக்கு தோஷம் இருக்கதால அவங்களும் ஒத்துக்கிட்டாங்க, அதப்பத்தி பேச்செடுத்தா சங்கடப்படுவாங்க, நீங்களா எதுவும் பேசாதீங்கன்னு புரோக்கர் சொன்னார்". அவங்ககிட்ட புரோக்கர் ஒரு லட்சம் வாங்கியிருக்கார். நான் இத பாதி நம்புறேன், பாதி நம்பல. முதல் கல்யாணத்த புரோக்கர் சொல்லிட்டார்னு நம்பியிருக்கலாம், சரி. ஆனா தன் வயசுல அஞ்சு வருஷம் குறைஞ்சது கூடவா ஒருத்தனுக்கு தெரியாது? அவங்க அம்மா ரெண்டாவது நாள் "எல்லாரும் பண்றது தானேன்னு அவர் சொன்னாருப்பா"ன்னு ஒத்துக்கிட்டாங்க.

புரோக்கர்கிட்ட போனா, ஆளு அசரல. "எனக்கு குடுத்தத உனக்கு குடுத்தேன்." பதிவு ஃபாரத்துக்கு கீழ பொடி எழுத்துல "விவரங்களின் உண்மைத்தன்மைக்கு மையம் பொறுப்பல்ல"ன்னு இருக்கத காட்டினார். பிடிஎஃப் தேதிய காட்டினதும் மட்டும் மூஞ்சி மாறுச்சு, "கம்ப்யூட்டர்ல தேதி தப்பா இருந்திருக்கும் தம்பி".

இப்ப முக்கியமான விஷயம். சொந்தக்காரங்க அத்தன பேரும் சொன்னது ஒண்ணே ஒண்ணு: ஆம்பள நல்லவனா தான இருக்கான், ஆறு மாசம் பொறுத்து பாரு, ஒரு வருஷம் ஆகாம கோர்ட்டுக்கே போக முடியாது. இந்த ரெண்டையும் கேட்டிருந்தா பாப்பா மாட்டியிருப்பா. ஒரு வருஷ கணக்கு டைவர்ஸுக்கு. இது டைவர்ஸ் இல்ல. இந்து திருமணச் சட்டம் 1955, 12வது பிரிவு, முக்கியமான விஷயத்த மறைச்சு ஏமாத்தி சம்மதம் வாங்கியிருந்தா அந்த கல்யாணத்தையே செல்லாதுன்னு அறிவிக்க கேக்கலாம். அதுக்கு ரெண்டு கண்டிஷன்: மோசடி தெரிஞ்ச நாள்ல இருந்து ஒரு வருஷத்துக்குள்ள மனு போட்டுரணும், தெரிஞ்சதுக்கு அப்புறம் முழு மனசோட அவன் கூட சேர்ந்து குடும்பம் நடத்தியிருக்க கூடாது. "பொறுத்து பாரு"ன்னு நல்ல மனசோட சொல்றாங்க பாருங்க, அந்த ஆறு மாசம் தான் கேஸ குழி தோண்டி புதைக்கும். போகி அன்னைக்கு சாயங்காலமே பஸ் ஏறி வந்துட்டா பாப்பா, யாரையும் கேக்கல. வக்கீல் அத கேட்டுட்டு "இந்த வீட்ல புத்தியுள்ள ஆளு இந்த பொண்ணு மட்டும் தான்"னார், நாங்க எல்லாரும் எதிர்ல தான் உக்காந்திருந்தோம்.

வக்கீல் வைக்க வசதி இல்லன்னா மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு போங்க, பொண்ணுங்களுக்கு வருமானம் எவ்வளவா இருந்தாலும் இலவசம் தான், பல பேருக்கு தெரியல.

நகை: 25 பவுன். எங்க அப்பா ஒரு வேலை பண்ணி வச்சிருந்தார், அப்ப நாங்க எல்லாம் சிரிச்சோம். குடுத்த சாமான், நகை ஒவ்வொண்ணையும் எடையோட ஒரு நோட்டுல எழுதி மாப்பிள்ளை, பாப்பா ரெண்டு பேர்கிட்டயும் கையெழுத்து வாங்கி வச்சிருந்தார். அப்படி லிஸ்ட் வைக்கணும்னு 1985லயே ரூல் இருக்காம். மகளிர் ஸ்டேஷன்ல அந்த நோட்ட வச்சதும் பேச்சு பத்து நிமிஷத்துல முடிஞ்சுது, 25ம் வந்துருச்சு. மண்டப செலவு, சாப்பாடு செலவு எல்லாம் போனது போனது தான்.

புரோக்கர் மேல நுகர்வோர் ஆணையத்துல போட்டிருக்கோம். அஞ்சு லட்சம் வரைக்கும் கட்டணம் இல்ல, ரெண்டு வருஷத்துக்குள்ள போட்டா போதும். ஆனா ரசீது 3,500க்கு மட்டும் தான இருக்கு, 40,000 ரொக்கம். ஜிபேல அனுப்பியிருந்தா இந்த தொல்லையே இல்ல.

வரன் பாக்குறவங்க பொண்ணு நட்சத்திரத்த மட்டும் சொல்லுங்க, முழு கட்டத்தையும் குடுக்காதீங்க, அவங்க ஜாதகம் முதல்ல வரட்டும், அதும் பிரிண்டு இல்ல, வீட்ல எழுதி வச்ச நோட்ட போட்டோ எடுத்து அனுப்ப சொல்லுங்க. பத்தாவது மார்க் ஷீட் கேளுங்க, அதுல பிறந்த தேதி இருக்கும். கேட்டா கோவப்படுவாங்கன்னு பயப்படாதீங்க, நாங்க அந்த கோவத்துக்கு பயந்து தான் கேக்காம விட்டோம். பெரிய மேட்ரிமோனி சைட்டுனாலும் இதே தான், 2016ல மத்திய அரசு அவங்களுக்கு வழிகாட்டு நெறி எல்லாம் போட்டிருக்கு, ஆனா டிக் மார்க் இருக்குன்னு நாம சும்மா இருந்துட முடியாது. ஈகோர்ட்ஸ் ஆப்ல பேர், மாவட்டம், வருஷம் போட்டு தேடினா பழைய கேஸ் சில சமயம் வரும். எங்க வக்கீல் அஞ்சு நிமிஷத்துல எடுத்து காட்டினார். குடும்ப கேஸ் எல்லாமே அதுல வரும்னு நம்பி மட்டும் இருக்காதீங்க.

பாப்பா பழைய வேலைக்கே திரும்ப போறா. அடுத்த வாய்தா வர்ற 14ம் தேதி. இதே புரோக்கர் கைல இன்னும் ரெண்டு குடும்பம் மாட்டியிருக்கதா கேள்விப்பட்டேன். மதுரை, விருதுநகர், தேனி பக்கம் யாருக்காச்சும் நீங்க ஜாதகம் குடுத்து மூணு நாலு நாளைக்குள்ள "அப்படியே பொருந்துது"ன்னு பிடிஎஃப் வந்திருந்தா, அந்த ஃபைல் உருவான தேதிய ஒரு தடவ பாத்துட்டு எனக்கு இன்பாக்ஸ்ல சொல்லுங்க. சேர்ந்து போனா கேஸுக்கு பலம்.